பழைய புல்லட்டுக்கு 'எஞ்சின் வேலை': புது பாகம் போட்டா மட்டும் போதுமா? ஆயில் போற வழியைப் பார்க்கலைன்னா என்ன ஆகும்?

தாத்தா ஓட்டிய புல்லட், அப்பா வாங்கிய யெஸ்டி, மாமா வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கும் ராஜ்தூத்... இதையெல்லாம் மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டுவரணும்ங்கிற ஆசை பலருக்கும் இருக்கு. பட்டறைக்குக் கொண்டுபோனதும் வரும் முதல் பதில், "எஞ்சின் வேலை இருக்குங்க."

சரி, எஞ்சின் வேலை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், எதைச் சரி செய்தால் போதும்? பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட் எல்லாம் புதுசு போட்டும் சில வண்டிகள் ஏன் கொஞ்ச நாளிலேயே மறுபடி தட்ட ஆரம்பிக்கின்றன? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக...

• பாகம் தேய்வதற்கு வயசு மட்டும் காரணமில்லை. அந்த இடத்துக்கு ஆயில் சரியாகப் போகாததும் பெரிய காரணம். அதைச் சரி செய்யாமல் புது பாகம் போட்டால் அதுவும் தேயும்.

• பழைய புல்லட்டில் எஞ்சின், கிளட்ச் பக்கம், கியர் பாக்ஸ் என மூன்று இடத்துக்கும் தனித்தனி ஆயில்.

• யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் கணக்கே வேறு.

• எஞ்சினையே மாற்றினால் ஆர்.சி.யில் பிரச்னை வரும். 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனி விதி உண்டு.

எது 'பழைய' புல்லட்?

ராயல் என்ஃபீல்டு பிரிட்டிஷ் கம்பெனி. சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியுடன் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களை வைத்துத் திருவொற்றியூரில் வண்டியைப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1994-ல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது.

மெக்கானிக்குகள் 'காஸ்ட் அயர்ன் எஞ்சின்' என்று சொல்வது இந்தப் பழைய வகையைத்தான். இதில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். 350 சிசி வண்டியில் சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சிசி வரும். எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. 2008, 2009 வாக்கில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் புது வகை வந்தது. அதன் பிறகு பழைய எஞ்சின் மெல்ல விடைபெற்றது.

இந்தக் கட்டுரையில் நாம் பேசுவது முக்கியமாக அந்தப் பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சினைப் பற்றி.

எஞ்சின் ஏன் தேயுது?

இரும்பும் இரும்பும் நேரடியாக உரசினால் சூடாகும், கீறும், கடைசியில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ரெண்டுக்கும் நடுவில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது.

ஆயிலுக்கு இன்னும் இரண்டு வேலை இருக்கு. சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தேய்ந்து விழும் பொடியைக் கழுவிக்கொண்டு போகும். ஆயில் பழசாகிக் கெட்டியானால் இந்த மூன்று வேலையும் ஒரே நேரத்தில் கெடும்.

தேய்மானம் அதிகம் நடப்பது வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முதல் சில விநாடிகளில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். கிக்கரை உதைத்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், ஆயில் வந்து சேர்வதற்குள் பாகங்கள் உலர்ந்தபடி உரசும்.

இன்னொரு பழக்கம், குட்டி ஓட்டம். கிருஷ்ணன்கோவில் முக்கில் இருந்து பக்கத்து ஊர் வரை போய், அஞ்சு நிமிஷத்தில் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் முழுசாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து சேறு மாதிரி படியும். ராஜபாளையம் வரை ஒரே ஓட்டமாகப் போய் வரும் வண்டிக்கு இந்தச் சேறு குறைவு.

மூன்றாவது, டாப் கியரில் இழுப்பது. பழைய புல்லட் மெதுவாகப் போகும்போதும் டாப் கியரில் 'டப் டப்' என்று இழுக்கும், அதுதான் அதன் அழகு என்பார்கள். ஆனால் ஆயில் பம்ப் ஓடுவது கிராங்கின் சுற்றில்தான். சுற்று குறைந்தால் ஆயிலும் குறையும். அதே நேரத்தில் பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் பேரிங் மேல் பாரம் கூடும். ஆயில் குறைவு, பாரம் அதிகம்... பிக் எண்ட் போவதற்கு இதைவிட வேற காரணம் வேண்டாம்.

பழைய புல்லட்டில் ஆயில் எப்படி ஓடுது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி எஞ்சின் புரிந்த மாதிரி.

இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக வெளியில் தொங்காது. கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஓர் அறையாக இருக்கும். சுமார் இரண்டேகால் லிட்டர் ஆயில் பிடிக்கும்.

டைமிங் கவர் பக்கம் இரண்டு சிறிய பம்ப்கள் இருக்கின்றன. ஒன்று ஆயிலை அனுப்பும், இன்னொன்று திரும்ப எடுக்கும். இரண்டையும் ஓட்டுவது ஒரே தண்டு.

அனுப்பும் பம்ப் ஆயிலை எடுத்து ஃபில்டர் வழியாக கிராங்கின் முனைக்குத் தள்ளும். கிராங்குக்குள் துளையிட்ட பாதையில் போய் அது கனெக்டிங் ராடின் கீழ் முனையை, அதாவது பிக் எண்டை அடையும். அங்கிருந்து சிதறும் ஆயில்தான் சிலிண்டர் சுவரையும் பிஸ்டனையும் நனைக்கிறது.

கீழே விழுந்த ஆயிலை இரண்டாவது பம்ப் எடுக்கும். அதில் ஒரு பங்கு வெளியே தெரியும் மெல்லிய குழாய் வழியாக மேலே ராக்கருக்குப் போகும். வால்வு பக்கத்தை நனைத்துவிட்டு, புஷ்ராட் போகும் குழி வழியாக மறுபடி கீழே இறங்கும்.

இந்தப் பயணத்தில் ஒரு சின்ன இடம் ரொம்ப முக்கியம். டைமிங் கவரில் இருந்து கிராங்க் முனைக்கு ஆயில் தாவும் இடத்தில் ஒரு சிறிய சீல் இருக்கும். கார்க்கிலோ ரப்பரிலோ செய்தது, சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. அது காய்ந்து சுருங்கினால், கிராங்குக்குள் போக வேண்டிய ஆயில் பக்கவாட்டில் கசிந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, டேங்கில் அளவும் குறையாது. ஆனால் பிக் எண்ட் பட்டினி கிடக்கும்.

புது கனெக்டிங் ராட் போட்ட பிறகும் சில வண்டிகள் சீக்கிரமே தட்டுவதற்கு இந்த மாதிரி இடம்தான் காரணம். ராட் மாறியது, ஆயில் வழி மாறவில்லை.

மூணு அறை, மூணு ஆயில்

புது பைக் ஓட்டிப் பழகியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. இப்போதைய பல வண்டிகளில் ஒரே ஆயில்தான் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும். பழைய புல்லட்டில் அப்படி இல்லை.

• எஞ்சின் ஆயில், கிராங்க் கேஸ் அறையில்.

• இடது பக்க செயின் கேஸில் கிளட்சும் பிரைமரி செயினும் ஓடுவதற்குத் தனி ஆயில்.

• கியர் பாக்ஸுக்குத் தனி. மாடலைப் பொறுத்து கெட்டி ஆயிலோ, இளகிய கிரீஸோ.

"ஆயில் மாத்தியாச்சு" என்று பட்டறையில் சொன்னால், எந்த ஆயில் என்று கேளுங்க. எஞ்சின் ஆயில் மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் தொடாமல் வருஷக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு.

எஞ்சின் ஆயிலிலும் ஒரு விஷயம். அடியில் ஒன்றுக்கு மேல் டிரெயின் நட் இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றினால் உள்ளே பழைய ஆயில் தங்கிவிடும். புது ஆயில் அந்த அழுக்கோடுதான் கலக்கும்.

எஞ்சின் வேலை வந்துருச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிரிக்கும் முன்னாடியே எஞ்சின் நிறைய சொல்லும்.

*புகை:* நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது வந்தால் ரிங், சிலிண்டர் மேல் சந்தேகம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு மறுபடி திறக்கும்போது குபுக்கென்று வந்தால் வால்வு கைடு. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகுது, கார்ப்பரேட்டரைப் பாருங்க. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஈரம், பயப்பட வேண்டாம்.

நாள் கணக்கில் நின்ற புல்லட் ஸ்டார்ட் ஆனதும் ஒரே புகையாகக் கக்கும். டேங்க் அறையில் இருந்த ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் சேர்ந்திருக்கும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டால் ரிங் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பம்பை மட்டும் பார்த்தால் போதும்.

*சத்தம்:* எஞ்சின் ஆறியிருக்கும்போது 'கட கட' என்று வந்து, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. ஏற்றத்தில், பாரத்தில் 'டொக் டொக்' என்று அடியில் கனமாகத் தட்டினால் பிக் எண்ட். அப்படித் தட்ட ஆரம்பித்த பிறகு ஓட்டாதீங்க. ராட் உடைந்தால் கிராங்க் கேஸே ஓட்டையாகும்.

*கம்ப்ரஷன்:* கிக்கர் லேசாக இறங்கினால் காற்று எங்கேயோ கசிகிறது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்க. கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கு. ஏறவே இல்லைன்னா வால்வு கசியுது. செலவில்லாத சோதனை, ஆனால் வேலையின் அளவையே இது தீர்மானிக்கும். வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும்.

பிரிச்ச பிறகு எதை அளக்கணும்?

"கையால தொட்டுப் பார்த்தேன், நல்லா இருக்கு" என்பது அளவு கிடையாது.

சிலிண்டர்: மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், நேராகவும் குறுக்காகவும் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் அதிகம் தேயும், வட்டம் முட்டை வடிவமாகும். தேய்மானம் அளவைத் தாண்டினால் லேத் பட்டறையில் போர் போட்டு, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1 மி.மீ. என்று படிப்படியாகக் கூடும். எந்தெந்த சைஸ் கிடைக்கும் என்பது மாடலைப் பொறுத்தது. கடைசி சைஸும் தாண்டினால் ஸ்லீவ் போட்டு மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

வரிசை முக்கியம். முதலில் பிஸ்டன் கையில் வரணும், அதை மைக்ரோமீட்டரில் அளக்கணும், அதற்கு ஏற்பத்தான் போர் போடணும். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடினால் இடைவெளி தவறும். இறுக்கமாக இருந்தால் சூட்டில் ஜாம் ஆகும். தளர்வாக இருந்தால் புது எஞ்சினே கடகடக்கும்.

ஹோனிங்: போர் போட்ட சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியணும். அந்தக் கோட்டுக்குள்தான் ஆயில் தங்கும், புது ரிங் சுவரோடு படியும்.

ஹோனிங் முடிந்ததும் சிலிண்டரை வெறும் பெட்ரோலில் துடைத்தால் போதாது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவணும். சாணைக் கல்லின் பொடி கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரணும். வந்த உடனே ஆயில் தடவணும், இல்லைன்னா சில நிமிஷத்தில் துரு பிடிக்கும். இந்தக் கழுவலை விட்டுவிட்டால், புது ரிங்கை நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகும்.

ரிங்: ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் வைத்து, இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கணும். 70 மி.மீ. போருக்குப் பொதுவான கணக்கில் சுமார் 0.28 மி.மீ. வரும். பிஸ்டன் கம்பெனி வேறு அளவு தந்திருந்தால் அதுதான் இறுதி. பூட்டும்போது ரிங்குகளின் வாய் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது.

பிக் எண்ட்: கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம், அது சரி. பழைய புல்லட்டில் இங்கே இருப்பது 'ஃப்ளோட்டிங் புஷ்'. ராடோடும் ஒட்டாமல், பின்னோடும் ஒட்டாமல் நடுவில் சுற்றும் ஒரு வளையம். சத்தம் குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் உள்ளேயும் வெளியேயும் ஆயில் படலம் இருந்தால்தான் அது பிழைக்கும். அதனால்தான் பலர் ரோலர் பேரிங் உள்ள ராடுக்கு மாறுகிறார்கள். கொஞ்சம் ஆயில் குறைந்தாலும் ரோலர் தாங்கும். எதைப் போட்டாலும் ஆயில் வழியைச் சரி செய்யாமல் போட்டால் பலன் குறைவுதான்.

ராட் மாற்ற கிராங்கைப் பிரித்துச் சேர்க்கணும். சேர்த்த பிறகு இரண்டு ஃப்ளைவீலும் ஒரே நேர்கோட்டில் சுற்றுதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கணும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகினாலே எஞ்சின் நடுங்கும், மெயின் பேரிங் சீக்கிரம் போகும்.

வால்வு: கைடில் வால்வு ஆடுதா பாருங்க. கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டோடு படிய வைத்த பிறகு, ஹெட்டைத் திருப்பி உள்ளே மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் ஊற்றி வைங்க. சொட்டு கீழே வரவில்லை என்றால் வால்வு நல்லா உட்கார்ந்திருக்கு.

ஆயில் பம்ப்: அதிகம் மறக்கப்படும் பாகம். பம்பில் தட்டையாக உரசும் வட்டத் தகடுகளில் கீறல் இருந்தால் ஆயில் அழுத்தமே வராது. கண்ணாடி மேல் மெல்லிய பேஸ்ட் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம், முடியாவிட்டால் மாற்றணும்.

முன்பு பிக் எண்ட் போன எஞ்சின் என்றால் கூடுதல் கவனம் வேணும். தேய்ந்த உலோகப் பொடி ஃபில்டர், டேங்க் அறை, கிராங்கின் துளை, ராக்கர் குழாய் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, மறுமுனையில் வருதா என்று பார்த்த பிறகுதான் பூட்டணும்.

பூட்டும்போதும், முதல் ஸ்டார்ட்டிலும்

எந்தப் பாகத்தையும் உலர்ந்தபடி பூட்டக் கூடாது. பேரிங், பிஸ்டன் பின், கேம், டாப்பெட் அடிப்பாகம் எல்லாவற்றிலும் ஆயில் தடவியே பூட்டணும்.

ஃபில்டர் அறையிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி வைங்க. காலியாக விட்டால், அது நிரம்பும்வரை கிராங்குக்கு ஆயில் போகாது.

அடுத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை மூடிவிட்டு, கிக்கரைத் தொடர்ந்து உதைங்க. கம்ப்ரஷன் இல்லாததால் லேசாக இறங்கும். ராக்கருக்குப் போகும் குழாயின் மேல் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால், ஆயில் அங்கே கசிவது தெரியும். திரும்ப எடுக்கும் பம்ப் ஓடுது என்பதற்கு அதுவே சாட்சி. ஆயில் தெரியும்வரை பிளக்கை மாட்டாதீங்க.

டாப்பெட் வைப்பது எஞ்சின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில். புஷ்ராடை விரலால் உருட்டினால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்ளோதான்.

ஸ்டார்ட் ஆனதும் நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் ஓட விடாதீங்க. காற்று படாமல் இந்த எஞ்சின் சீக்கிரம் சூடாகும். முதல் 500 கி.மீ. வரை 40, 50 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டணும், டாப் கியரில் இழுக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மாதிரி சமதள ரோடு இதற்கு வசதி. முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கிடுங்க. அதில் மினுமினுப்பாகக் கொஞ்சம் பொடி இருப்பது இயல்பு. சில்லு சில்லாக வந்தால் மறுபடி பட்டறைக்குப் போங்க.

எந்த ஆயில் ஊத்துறது?

நம்ம ஊர் வெயிலுக்குப் பழைய புல்லட் எஞ்சினுக்குப் பலரும் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுகிறார்கள். முதல் எண் குளிரில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். அந்தக் காலத்தில் ஊற்றிய எஸ்.ஏ.இ. 40 போன்ற ஒற்றை எண் ஆயிலை இன்னும் விரும்புகிறவர்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் பிரிக்காத எஞ்சினில் திடீரென்று அழுக்கைக் கரைக்கும் சக்தி அதிகமுள்ள புது ஆயில் ஊற்றினால், படிந்திருந்த சேறு கிளம்பிப் போய் ஃபில்டரையும் துளையையும் அடைக்கலாம். பிரித்துக் கழுவிய எஞ்சினுக்கு இந்தப் பயம் இல்லை.

செயின் கேஸில் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடுது. அங்கே வழுக்கல் அதிகமான கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கும் பைக் ஆயில் பாதுகாப்பானது.

யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கீங்களா?

மைசூரு ஐடியல் ஜாவா 1961 முதல் 1996 வரை தயாரித்த ஜாவா, யெஸ்டி வண்டிகளும், எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தும், 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ம் டூ-ஸ்ட்ரோக். இதில் கிராங்குக்குத் தனியாக ஆயில் சுற்றாது. பெட்ரோலோடு வரும் 2டி ஆயில்தான் பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு எரிந்து போகும். கியர் பாக்ஸ் ஆயில் மட்டும் தனி.

கலக்கும் கணக்கு: 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மி.லி. உங்க மாடலின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்க. கண்ணால் பார்த்து ஊற்றாமல் அளவு மூடி வைத்து ஊற்றுங்க.

பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும் என்பதுதான் இங்கே ஆபத்து. கார்ப்பரேட்டர் ஜெட் அடைத்தாலோ, கிராங்கின் ஆயில் சீல் போய்க் காற்று உள்ளே இழுத்தாலோ பிஸ்டன் ஜாம் ஆகும். நீண்ட மலை இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மூடி, கியரிலேயே இறங்கினாலும் இதே கதைதான். நம்ம 744-ம் எண் நெடுஞ்சாலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு பக்கம் மலைப் பாதையில் போகிறவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து விடுவது நல்லது.

புகை வழக்கத்தைவிட அதிகமாகி, கியர் பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்க கிராங்க் சீல் போயிருக்கும். ரிங் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கு. பழைய ரப்பர் டியூப், கார்ப்பரேட்டர் வாஷர்களை அது கெடுக்கலாம். எஞ்சின் வேலையின்போதே இவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்க.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

• பிரிக்கும் முன் கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தது?

• சிலிண்டரின் அளவு என்ன, எந்த சைஸ் பிஸ்டன் போடுறீங்க? எழுதித் தர முடியுமா?

• பழைய பாகம் ஏன் தேய்ந்தது? காரணம் தெரிஞ்சதா?

• ஆயில் பம்ப், டைமிங் கவர் சீல், ராக்கர் குழாய் மூணையும் பார்த்தீங்களா?

• கிராங்கை டயல் கேஜ் வைத்து அலைன் பண்ணினது யார்?

• கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீங்களா?

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய பாகம் தேடி வாங்குவோர் பலர். ஹெட், கவர் மாதிரி தேயாத பாகங்களுக்கு அது சரி. பேரிங், ரிங், சீல் மாதிரி தேயும் பாகங்களைப் பழசாக வாங்கினால், இன்னொருத்தர் வண்டியின் தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி.

எஞ்சினையே மாத்திடலாமா? சட்டம் என்ன சொல்லுது?

"இதைச் சரி பண்றதுக்கு வேற எஞ்சின் வாங்கி வச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் யோசிங்க. எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். எண் மாறியிருந்தால் விற்கும்போதும், புதுப்பிக்கும்போதும், இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல்தான். அதே கிராங்க் கேஸை வைத்து உள் பாகங்களை மாற்றினால் எண் மாறாது.

சொந்த உபயோக பைக்குக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. 20 வருடம் தாண்டிய இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2025-ல் புதுப்பித்தல் கட்டணத்தை 2,000 ரூபாயாக உயர்த்தியது.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கணும் என்பது நிபந்தனை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்கு அனுமதி இல்லை. எஞ்சினைத் தூக்கி எறியாமல் சரி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிஞ்ச பிறகு...

பில்லோடு போர் சைஸ், பிஸ்டன் சைஸ், தேதி, கி.மீ. எல்லாவற்றையும் எழுதி வைங்க. பத்து வருஷம் கழித்து வேறொரு மெக்கானிக் பிரிக்கும்போது அந்தத் தாள் உதவும்.

மூன்று அறையின் ஆயில் அளவையும் மாதம் ஒருமுறை பாருங்க. காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் மெதுவாக ஓட விட்டுக் கிளம்புங்க. வண்டியை எடுக்காத மாதங்களில் சும்மா ஸ்டார்ட் பண்ணி அணைப்பதைவிட, வத்திராயிருப்பு வரைக்குமாவது ஒரு ஓட்டம் ஓட்டி, எஞ்சினை முழுசாகச் சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்க.